தென்காசி வளருது... யாரைக் கணக்குல வச்சு?

1/
சாரல் ஆரம்பிச்சாச்சு. ஐந்தருவியில் தண்ணி கொட்டுது. உங்க ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல இந்நேரம் "குற்றாலம் போலாமா?"ன்னு யாராவது கேட்டிருப்பாங்க.

வாங்க. மங்குஸ்தான், ரம்புட்டான், பார்டர் பரோட்டா எல்லாம் இருக்கு. ஆனா வர்றதுக்கு முன்னாடி இந்த ஊரைப் பற்றி ஒரு பத்து நிமிஷம் பேசணும். தென்காசி, மேலகரம், இலஞ்சி, செங்கோட்டையில் குடியிருக்கிறவங்க கொஞ்சம் கூடுதலா கவனிங்க. இது உங்க வீட்டு வாசல் சமாச்சாரம்.

கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா வாசிங்க.

2/
ரோடு, சாக்கடை, குளம், பிளாட்... இதெல்லாம் இன்ஜினியர் வேலை, டாக்டருக்கு இதுல என்ன இருக்குன்னு கேட்பீங்க.

1854-ல் லண்டன் சோஹோ பகுதியில் காலரா பரவி நூற்றுக்கணக்கான பேர் செத்தாங்க. ஆன்டிபயாடிக் என்ற ஒன்றே இல்லாத காலம். ஜான் ஸ்னோ என்கிற டாக்டர், செத்தவங்க வீடுகளை ஒரு வரைபடத்தில் குறிச்சுக்கிட்டே போனார். எல்லாம் பிராட் தெருவில் இருந்த ஒரு கைப்பம்பைச் சுற்றியே இருந்தது. அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார்.

பிறகு லண்டன் முழுக்கப் பாதாளச் சாக்கடை போட்டாங்க. குடிநீரும் கழிவுநீரும் பிரிஞ்ச பிறகுதான் அந்த ஊரை விட்டுக் காலரா போச்சு. மருந்து வந்தது அதுக்கு ரொம்ப காலம் கழிச்சு.

3/
இன்னைக்கும் கதை பெருசா மாறலை. டைபாய்டு, மஞ்சள் காமாலை, டெங்கு, எலிக்காய்ச்சல், பைக் விபத்து, வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்ச ஆச்சி, மூத்திரக் கடுப்போட வர்ற பூக்கடை அக்கா. இவங்க எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு வர்றாங்க. ஆனா நோயின் வேர் ஆஸ்பத்திரிக்குள்ள இல்லை. குழாயில, குளத்துல, நடைபாதையில, கழிப்பறையில இருக்கு.

இந்த த்ரெட்ல நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான்:

ஊர்த் திட்டத்தில் எதை எண்ணாம விடுறோமோ, யாரை எண்ணாம விடுறோமோ, அது பின்னாடி நோயாகவோ விபத்தாகவோ வந்து நிக்கும்.

4/
முதல்ல ஊரைப் பார்ப்போம். 2019 நவம்பர் 22-ம் தேதி திருநெல்வேலியில் இருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டம் ஆச்சு. மாவட்டத்தில் சுமார் 14 லட்சம் பேர். தென்காசி நகராட்சியில் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 70 ஆயிரம் பேர். அதுக்குப் பிறகு 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு எடுக்கப்படவே இல்லை.

அதாவது, மாவட்டத் தலைநகரம் ஆன பிறகு இந்த ஊர் எவ்வளவு வளர்ந்ததோ, அந்த வளர்ச்சி முழுசும் மக்கள்தொகைக் கணக்குல இல்லை. தாலுகா தலைநகரா இருந்தப்போ எண்ணின தலைகளை வச்சுத்தான் மாவட்டத் தலைநகருக்குத் திட்டம் போடுறோம்.

5/
தலைநகரம் ஆனா என்ன ஆகும்? ஆபீஸ் வரும். ஆபீசுக்குப் பின்னாடி வாடகை வீடு, ஹோட்டல், ஸ்கேன் சென்டர், கோச்சிங் சென்டர் வரும். நிலத்தின் விலை ஏறும். நேத்து வரைக்கும் காரும் பிசானமும் விளைஞ்ச நஞ்சையில மஞ்சள் கல் நடுவாங்க. "குற்றாலம் மிக அருகில், அருவி வியூ"ன்னு போர்டு வைப்பாங்க.

இதுல யாரையும் குத்தம் சொல்லலை. மகளுக்குக் கல்யாணம், மகனுக்குப் படிப்பு, விவசாயத்துல மிஞ்சுறது ஒண்ணுமில்லைன்னா விவசாயி நிலத்தை விக்கத்தான் செய்வார். வாடகை கட்டி ஓய்ஞ்சுபோன வாத்தியார் அஞ்சு சென்ட் வாங்கத்தான் செய்வார். ரெண்டு பேரும் நல்லவங்கதான்.

நடுவுல ஊரைப் பற்றி யோசிக்க வேண்டியது திட்டம். அது அங்க இல்லைன்னா, ஊர் எப்படி வளரணும்னு மஞ்சள் கல்தான் முடிவு பண்ணும்.

6/
அந்தத் திட்டம் வழக்கமா எண்ணுறது வீடுகளையும் வண்டிகளையும்தான். எண்ணாம விடுறது மூணு:

ஒண்ணு, தண்ணி.
ரெண்டு, வந்து போறவங்க.
மூணு, நடக்கிறவங்க.

ஒவ்வொண்ணாப் பார்ப்போம்.

7/
தண்ணி.

குற்றால மலையில இறங்குற தண்ணிதான் சிற்றாறு. குண்டாறு, ஐந்தருவியாறு, அனுமன் நதி, அழுதகண்ணியாறு எல்லாம் அதோட சேர்ந்து, கடைசியில சீவலப்பேரி பக்கத்துல தாமிரபரணியில கலக்குது. வழியெல்லாம் அணைக்கட்டு. அணைக்கட்டுல இருந்து கால். காலில் இருந்து குளம். ஒரு குளம் நிறைஞ்சா மறுகால் பாஞ்சு அடுத்த குளம்.

நம்ம முன்னோர்கள் போட்ட நகரத் திட்டம் இது. வெள்ளத்துக்கு ஒரு வழி, கோடைக்கு ஒரு சேமிப்பு, கிணத்துக்கு ஒரு ஊத்து, மூணும் ஒரே அமைப்புல. இந்தச் சங்கிலியில ஒரு கண்ணியை அறுத்தாலும் கீழே இருக்கிற எல்லாக் குளத்துக்கும் பாதிப்பு.

8/
ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஏக்கர் வயல்ல 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணி நிக்குதுன்னா, அது சுமார் 4 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் கொண்டுபோறதா இருந்தா 34 லாரி வேணும்.

அந்த வயலை மண்ணடிச்சு மேடாக்கி, வீடு கட்டி, வாசல் வரைக்கும் சிமென்ட் போட்டா அந்த 34 லாரித் தண்ணி எங்க போகும்? பக்கத்துல தாழ்வா இருக்கிற தெருவுக்குள்ள போகும். தாழ்வான தெருவுல யார் குடியிருப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

9/
மழையின் போக்கும் மாறிடுச்சு. 2023 டிசம்பர் 17, 18 மறக்குமா? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 சென்டிமீட்டர். தென்மாவட்டம் முழுக்கத் தத்தளிச்சது.

2024 மே 17. கோடை மழை. பழைய குற்றாலத்துல ஜனங்க குளிச்சுக்கிட்டு இருக்கும்போதே மலைக்கு மேல பெஞ்ச மழையால வெள்ளம் இறங்குச்சு. திருநெல்வேலியைச் சேர்ந்த 17 வயசுப் பையன் அடிச்சுட்டுப் போகப்பட்டு உயிரிழந்தான். அருவியின் நீர்ப்பிடிப்பு சின்னது, சரிவு செங்குத்து. அதனால மேலே பெய்யுற மழை கீழே வந்து சேர நிமிஷங்கள்தான் ஆகும். கீழே நிக்கிறவருக்கு மேலே பெய்யுற மழை தெரியவே தெரியாது.

மேலே மழைமானி, நீர்மட்டக் கருவி, கீழே சைரன், ஓடி ஏற அடைப்பு இல்லாத பாதை. இது ஊர்த் திட்டத்துக்குள்ள வர்ற விஷயம். "பொதுமக்கள் கவனமாக இருக்க வேண்டும்"னு போர்டு வச்சா மட்டும் போதாது.

10/
அறுந்த சங்கிலி ஊரை எங்க கொண்டுபோய் விடும்னு பார்க்க வெளிநாடு போக வேண்டாம். சென்னைப் பள்ளிக்கரணை போதும். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த சதுப்பு நிலம், இன்னைக்கு மிஞ்சினது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம் கிடைச்சது. ஆனா 2015 டிசம்பர் வெள்ளத்துல வேளச்சேரியில படகு ஓடினதை நாம டிவியில் பார்த்துட்டோம்.

இன்னொண்ணையும் கவனிங்க. கூவம், அடையாறு கரையில இருந்த ஏழைகளை "வெள்ள அபாயம்"னு சொல்லித்தான் அப்புறப்படுத்தினாங்க. கொண்டுபோய் விட்டது செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். அதுவும் தண்ணி தேங்குற பூமி. வேலை, ஸ்கூல், ஆஸ்பத்திரி எல்லாம் பழைய இடத்துல. வீடு மட்டும் பல கிலோமீட்டர் தள்ளி.

ஆத்தங்கரையில குடியிருக்கிறவங்களுக்கு மாத்து வீடு கொடுக்கத்தான் வேணும். ஆனா அதே ஊருக்குள்ள, மேட்டுல, நடந்து வேலைக்குப் போற தூரத்துல கொடுக்கணும்.

11/
தண்ணி அதிகமானா வெள்ளம். கம்மியானா? டெங்கு.

குழம்ப வேண்டாம். டெங்குவைப் பரப்புற ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போறதில்லை. நாம சேமிச்சு வச்சிருக்கிற நல்ல தண்ணியைத்தான் அது விரும்பும். நாலு நாளைக்கு ஒரு தடவை குழாயில தண்ணி வந்தா வீட்டுக்கு வீடு டிரம், தொட்டி, குடம். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். தண்ணி வத்தினாலும் முட்டை பாத்திரத்து ஓரத்துல ஒட்டிக்கிட்டு மாசக்கணக்குல உயிரோட இருக்கும். 2012-ல் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு படுத்தின பாட்டை நம்ம மாவட்டத்துல யாரும் மறந்திருக்க மாட்டாங்க.

புகை அடிக்கிறது அன்னைக்கு மட்டும்தான். தினமும் தண்ணி வர்ற குழாய்தான் நிரந்தர வைத்தியம்.

12/
விட்டு விட்டுத் தண்ணி வர்றதுல இன்னொரு ஆபத்தும் இருக்கு. தண்ணி நின்னதும் குழாய்க்குள்ள அழுத்தம் குறையும். அப்போ விரிசல் வழியா வெளியே இருக்கிறதை உள்ளே இழுக்கும். குடிநீர்க் குழாய் சாக்கடை ஓரமா போகுதா? இழுக்கிறது சாக்கடையைத்தான். அடுத்த தடவை தண்ணி திறந்துவிடும்போது அதுதான் முதல்ல வீட்டுக்கு வரும். டைபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாம் இப்படித்தான் தெருத்தெருவா வரும்.

அஞ்சு சென்ட்ல வீடு, அதுலயே போர், அதுலயே செப்டிக் டேங்க். பக்கத்து வீட்டுலயும் அப்படியே. டேங்கின் அடியில காங்கிரீட் போடாம விட்டா "நிறையவே மாட்டேங்குது"ன்னு சந்தோஷப்படுறோம். நிறையலைன்னா அது எங்க போகுதுன்னு ஒரு நிமிஷம் யோசிங்க.

13/
ரெண்டாவது, வந்து போறவங்க.

குற்றாலம் ஒரு சின்னப் பேரூராட்சி. சீசன் ஞாயித்துக்கிழமை அங்க வர்ற கூட்டம், ஊர்ல குடியிருக்கிறவங்களைப் போலப் பல மடங்கு. ஆனா அரசு நிதி பங்கிடும்போது பெரிய எடை குடியிருப்போர் எண்ணிக்கைக்குத்தான். குப்பை போடுறது லட்சம் பேர்னாலும், அள்ளுறதுக்கு ஆளும் வண்டியும் சில ஆயிரம் பேருக்கான அளவுலதான் கிடைக்கும்.

அப்புறம் "குற்றாலம் நாறுது"ன்னு வந்து போறவங்க போஸ்ட் போடுவாங்க.

பார்க்கிங் டோக்கன், பஸ் டிக்கெட், லாட்ஜ் பதிவேடு இதையெல்லாம் வச்சு சீசன் மக்கள்தொகையை எண்ண முடியும். அந்த எண்ணிக்கைக்குத் தகுந்த நிதி, தூய்மைப் பணியாளர், ஆம்புலன்ஸ், போலீஸ் எல்லாம் ஜூன் மாசத்துக்கு முன்னாடியே வரணும்.

14/
அந்தப் பணியாளர்களைப் பற்றியும் சொல்லணும். ராத்திரி ரெண்டு மணிக்குச் சாரல்ல நனைஞ்சுக்கிட்டே ஷாம்பு பாக்கெட்டும் ஈரத்துணியும் எச்சில் இலையும் அள்ளுறவங்க அவங்க. ஈரக் குப்பையில எலி மூத்திரம் கலந்திருக்கும். கால்ல சின்னக் காயம் இருந்தா போதும், எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போயிடும். ஆரம்பத்துல சாதாரணக் காய்ச்சல், உடம்பு வலி மாதிரிதான் இருக்கும். கவனிக்காம விட்டா கிட்னி, ஈரல் வரைக்கும் போகும்.

பூட்ஸ், கையுறை, குளிக்க வெந்நீர், உடை மாத்த ஒரு ரூம், ஓய்வெடுக்க ஒரு இடம். எந்தத் திட்ட வரைபடத்துலயாவது இந்த ரூமைப் பார்த்திருக்கீங்களா?

15/
அடுத்து கழிப்பறை. ஆம்பளைங்களுக்கு இது ஒரு பிரச்சினையாவே தெரியாது. சுவர் ஓரம் போதும்.

பொம்பளைங்க? காலையில அஞ்சு மணிக்கு வந்து பூ, பழம், நேந்திரம் சிப்ஸ் விக்கிற அக்கா ராத்திரிதான் வீடு திரும்புவாங்க. கழிப்பறை தூரம், காசு கேட்பாங்க, உள்ளே தண்ணி இருக்காது, தாழ்ப்பாள் இருக்காது. அவங்க கண்டுபிடிச்ச வழி, நாள் பூரா தண்ணி குடிக்காம இருக்கிறது. விளைவு: நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று, கல். கர்ப்பிணியா இருந்தா தொற்று கிட்னிக்கு ஏறலாம், குறைப்பிரசவம் வரைக்கும் போகலாம்.

மாத்திரை எழுதிக் கொடுத்து "நிறைய தண்ணி குடிங்க"ன்னு சொல்றது சுலபம். "குடிச்சுட்டு எங்க சார் போறது?"ன்னு திருப்பிக் கேட்டா எந்த டாக்டர்கிட்டயும் பதில் இல்லை. நகராட்சிகிட்ட இருக்கணும்.

16/
"கடைக்காரங்கதான் பாதையை அடைக்கிறாங்க, அவங்களை முதல்ல தூக்கணும்"னு சில பேர் கமென்ட்ல வருவீங்க.

பாதை அடைபடக் கூடாது, அதில் சந்தேகமே இல்லை. ஆனா 2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் என்ன சொல்லுது? முதல்ல கணக்கெடு. சான்றிதழ் கொடு. விற்பனை மண்டலம் குறி. அதுவரைக்கும் அப்புறப்படுத்தாதே. நகர விற்பனைக் குழுவுல குறைஞ்சது 40% பேர் வியாபாரிகளே இருக்கணும், அதுல மூணுல ஒரு பங்கு பெண்கள்.

தள்ளுவண்டியை ஒரு மணி நேரத்துல தூக்கிடலாம். காங்கிரீட்டைத் தூக்குறது அப்படியில்லை. அருவித் தண்ணியின் பாதையைத் திருப்பித் தனியார் ரிசார்ட்டுக்குள்ள செயற்கை அருவி உண்டாக்குறதைத் தடுக்க, 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தலையிட வேண்டியிருந்தது. ஆக்கிரமிப்புன்னா ரெண்டும் ஆக்கிரமிப்புதான். தராசு ஒண்ணா இருக்கணும்.

17/
மூணாவது, நடக்கிறவங்க.

காலையில ரதவீதி வழியா காசி விஸ்வநாதர் கோயிலுக்குப் போற தாத்தா. ஸ்கூல் பை சுமக்கிற பிள்ளை. பீடிக் கடையில இலையும் தூளும் வாங்கிட்டு வர்ற அம்மா. கண்ணு தெரியாத லாட்டரிக்கார அண்ணாச்சி ஒருத்தர் இருந்திருப்பார், இப்போ அவர் ஊதுபத்தி விப்பார். இவங்க யாரும் கார் ஓட்டுறதில்லை. ஆனா ரோடு போடுறது காருக்கு.

இந்திய சாலைக் காங்கிரஸ் வழிகாட்டுதல்படி நடைபாதை தடையில்லாம குறைஞ்சது 1.8 மீட்டர் அகலம் இருக்கணும். ஓரக்கல் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல போகக் கூடாது. நம்ம ஊர்ல நடைபாதைன்னா சாக்கடை மேல போட்ட சிலாப். நாலுக்கு ஒண்ணு உடைஞ்சிருக்கும், நடுவுல டிரான்ஸ்பார்மர் நிக்கும்.

18/
அந்த உடைஞ்ச சிலாப் மருத்துவத்துல ரொம்ப காஸ்ட்லி. 70 வயசுக்கு மேல இடுப்பு எலும்பு முறிஞ்சா ஆபரேஷன், படுக்கை, படுக்கைப்புண், நிமோனியான்னு வரிசையா வரலாம். நல்லா நடமாடிட்டு இருந்த ஆச்சி மறுபடி நடக்காமலே போயிடுறதும் உண்டு. கீழே விழுவோம்னு பயந்து வாக்கிங்கை நிறுத்தின சுகர் பேஷன்ட்டுக்கு எத்தனை மாத்திரை கூட்டினாலும் சுகர் இறங்காது. "தினமும் அரை மணி நேரம் நடங்க"ன்னு நாங்க எழுதுற மருந்துக்குக் கடை, நடைபாதைதான்.

2020-ல் ஸ்டாக்ஹோம் பிரகடனம், மக்களும் வண்டியும் கலந்து போற இடத்துல வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாதுன்னு சொல்லுச்சு. காரணம் சாதாரணம். அந்த வேகத்துல மோதினா பெரும்பாலும் பிழைக்கலாம். 50-ஐத் தாண்டத் தாண்ட வாய்ப்பு வேகமா குறையும். கேரளாவுக்குப் போற கனரக லாரியும் ஸ்கூல் பிள்ளையும் ஒரே ரோட்டுல போற ஊர் நம்மளது.

19/
"அப்போ வளர்ச்சியே வேண்டாமா டாக்டர்?"

வேணும். மாவட்டத் தலைநகரம் வந்தது நல்லது. சான்றிதழ் ஒண்ணுக்குத் திருநெல்வேலி வரைக்கும் பஸ் ஏறின காலம் போச்சு. 2018-ல் செங்கோட்டை–புனலூர் அகலப்பாதை திறந்தது நல்லது. 2021-ல் இருந்து டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்லைங்கிறது ரொம்ப நல்லது. அந்தப் பஸ்ல இறங்கின பிறகு நடக்க ஒரு பாதை, போக ஒரு கழிப்பறை, ராத்திரிக்கு ஒரு விளக்கு. வளர்ச்சி அதுவரைக்கும் வரணும்னு கேட்கிறேன்.

20/
"இதுக்கெல்லாம் காசு?"

பிரேசில் நாட்டுக் குரிடிபா நகரம். 1970-களில் வேகமா வளர்ந்த, பணக்கார நாடு அல்லாத நாட்டு ஊர். அடிக்கடி வெள்ளம். ஆத்தை காங்கிரீட் கால்வாயா மாத்த ஏகப்பட்ட செலவாகும். மேயர் ஜெய்மி லெர்னர் காலத்துல ஆத்தோரத் தாழ்வு நிலத்தைப் பூங்காவாவும் ஏரியாவும் விட்டாங்க. மழைக்காலத்துல வெள்ளம் அங்க நிக்கும், மத்த நாள்ல ஜனங்க அங்க நடப்பாங்க. குப்பை லாரி நுழைய முடியாத குடிசைப் பகுதியில, மக்களே குப்பையைக் கொண்டுவந்து கொடுத்தா பஸ் டோக்கனும் காய்கறியும் கொடுத்தாங்க.

நமக்கு அந்தப் பூங்காவைத் தோண்டக்கூட வேண்டாம். குளம் ஏற்கெனவே இருக்கு. தூர் வாரி, கரையைப் பலப்படுத்தி, கால்களைத் திறந்து விட்டாலே போதும்.

21/
நம்ம மாகாணத்துக்கே 1914-ல் பேட்ரிக் கெடிஸ் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் வந்தார். அடிப்படையில் உயிரியலாளர். ஊர் ஊரா நடந்தே பார்த்து நகரத் திட்ட அறிக்கைகள் எழுதினார். பழைய தெருவை இடிச்சு அகல ரோடு போடுற வழக்கத்தை எதிர்த்து அவர் சொன்ன முறைக்குப் பேர் "கன்சர்வேட்டிவ் சர்ஜரி". அதாவது, எவ்வளவு குறைவா வெட்ட முடியுமோ அவ்வளவு குறைவா வெட்டு. நல்ல திசுவைத் தொடாதே. ஜனங்களை அவங்க தெருவுலயே வச்சுக்கிட்டுச் சரி பண்ணு.

எந்த சர்ஜனும் இதை ஒத்துக்குவார். தென்காசி ரதவீதிகளுக்கும் இதுதான் பொருந்தும்.

22/
சரி, என்னதான் செய்யணும்? என் பட்டியல்:

(1) தென்காசி, மேலகரம், குற்றாலம், இலஞ்சி, செங்கோட்டை, சுத்தி இருக்கிற கிராம ஊராட்சிகள் எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே தண்ணி வரைபடம். ஆறு, கால், குளம், மறுகால், ஓடை எல்லாம் அதுல இருக்கணும். தண்ணிக்குப் பேரூராட்சி எல்லை தெரியாது.
(2) அந்த வரைபடத்துல இருக்கிற எதுக்கும் மேல லேஅவுட் அனுமதி கிடையாது. சிறுசுக்கும் கிடையாது, பெருசுக்கும் கிடையாது.
(3) சீசன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அதுக்குத் தகுந்த நிதி.
(4) அருவிகளுக்கு மேல எச்சரிக்கைக் கருவி, கீழே சைரன்.
(5) பஸ் ஸ்டாண்ட், சந்தை, அருவிக்கரையில 24 மணி நேர இலவசப் பெண்கள் கழிப்பறை. தூய்மைப் பணியாளர் ஓய்வறை.
(6) ஊருக்குள்ள 30 கிலோமீட்டர் வேகம், கனரக வண்டிக்குத் தனி வழி, வீல்சேர் போற நடைபாதை.
(7) செப்டிக் கழிவுக்கு முறையான சுத்திகரிப்பு. ஓடையில லாரியைத் திறந்து விடுறது நிக்கணும்.

இதுல ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை.

23/
நீங்க என்ன செய்யலாம்?

மனை வாங்குறதுக்கு முன்னாடி விலையை மட்டும் கேட்காதீங்க. அரசு இணையதளத்துலயே 'அ' பதிவேடும் நிலவரைபடமும் பார்க்கலாம். சர்வே நம்பரைப் போடுங்க. பக்கத்துல குளமா, ஓடையா, வாய்க்கால் புறம்போக்கான்னு பாருங்க. நகர் ஊரமைப்பு அனுமதி இருக்கான்னு கேளுங்க. அனுமதி இல்லாத மனைகளைப் பதியக் கூடாதுன்னு 2016-ல் உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகு நாட்டுல எத்தனை குடும்பம் அலைஞ்சதுன்னு பார்த்தோமே.

பெரிய லேஅவுட்ல 10% இடம் பொது உபயோகத்துக்கு விடணும். உங்க லேஅவுட்ல அந்த இடம் எங்கன்னு தேடுங்க. அங்க புல் முளைச்சிருக்கா, இல்லை வீடு முளைச்சிருக்கா?

24/
1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, முழுமைத் திட்டத்துக்கான அறிவிப்பு வந்தா பொதுமக்கள் ஆட்சேபணை சொல்லக் குறைஞ்சது 2 மாசம் அவகாசம் கொடுக்கணும். பெரும்பாலும் அந்த ரெண்டு மாசத்துல ஆட்சேபணை கொடுக்கிறது நிலம் வச்சிருக்கிறவங்க மட்டும்தான். "என் நிலத்தைக் குடியிருப்பு மண்டலமா மாத்து"ன்னு. பூக்கார அக்காவுக்கு அப்படி ஒரு அறிவிப்பு வந்ததே தெரியாது.

2022-ல் வந்த விதிப்படி வார்டு குழு, பகுதி சபா இருக்கு. கிராம சபை மாதிரி, டவுனுக்கு. அடுத்த கூட்டத்துக்குப் போங்க. உங்க தெரு ஆச்சியையும், பீடி சுத்துற அக்காவையும், வீல்சேர்ல இருக்கிற பக்கத்து வீட்டுத் தம்பியையும் கூட்டிட்டுப் போங்க. அவங்க கேக்குறதைத் தீர்மானமா எழுத வைங்க.

25/
டூரிஸ்ட்டா வர்றவங்களுக்கு: முடிஞ்சா பஸ், ரயில்ல வாங்க. சோப்பு, ஷாம்பு, எண்ணெய் அருவிக்குக் கொண்டுவராதீங்க. அந்தத் தண்ணியைக் கீழே ஒரு ஊர் உபயோகிக்குது. தண்ணி பாட்டிலைத் திரும்ப எடுத்துட்டுப் போங்க. போலீஸ் விசில் அடிச்சா "இன்னும் ஒரு நிமிஷம்"னு நிக்காதீங்க, உடனே ஏறிடுங்க.

26/
பெரிய நகரங்கள் பல தப்பைச் செஞ்சு முடிச்சிடுச்சு. அங்க மூடின ஏரியை மறுபடி தோண்டுறதுக்கு ஆயிரம் கோடி பேசுறாங்க. தென்காசிக்கு அந்த நிலை இன்னும் வரலை. யானைப்பாலத்துக்குக் கீழே சிற்றாறு இன்னும் ஓடுது. இலஞ்சி ரோட்டுல இன்னும் வயல் இருக்கு. மேற்கால பார்த்தா மலை இன்னும் மறையலை.

சுகரையும் பிரஷரையும் ஆரம்பத்துலயே பிடிச்சா மாத்திரையோட முடிஞ்சிடும். விட்டுட்டா டயாலிசிஸ். ஊருக்கும் அதே கணக்குதான். இப்போ செஞ்சா ஒரு வரைபடமும் சில தீர்மானமும் போதும்.

உங்க வார்டுல பகுதி சபா கடைசியா எப்போ நடந்ததுன்னு விசாரிச்சு கமென்ட்ல போடுங்க. அங்கிருந்து தொடங்குவோம்.